ஆச்சி சொன்ன சாட்சி

நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவில் உள்ள அந்தச் சிற்றூரில், இரவு ஏழரை மணிக்கு ஆச்சி வீட்டுப் படியேறினால் யாராக இருந்தாலும் முதலில் பாயில் உட்கார வேண்டும். பால் கணக்குக் கேட்க வந்தவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், பக்கத்து வீட்டிலிருந்து உறைமோர் வாங்க வந்த பெண் என்று யாருக்கும் விலக்கில்லை. குடும்ப ஜெபம் முடிந்த பிறகுதான் வந்த காரியம். வந்தவர் வேறு மதத்துக்காரர் என்றால் அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் காபியும் கிடைக்கும். ஜெபம் அதுபாட்டுக்கு நடக்கும்.

தேரி மணலும் பனையும் சூழ்ந்த அந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் இந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு பாட்டுச் சத்தம் கேட்கும். முதலில் ஒரு ஞானப்பாட்டு அல்லது கீர்த்தனை, பிறகு வேத வாசிப்பு, கடைசியில் முழங்காலில் நின்று ஜெபம். இன்று அந்த நேரத்தில் பல வீடுகளில் சீரியல் ஓடுகிறது. ஆச்சிக்கு அதில் யார்மேலும் கோபமில்லை. அவரும் சீரியல் பார்ப்பவர்தான். எட்டரை மணிக்குமேல் பார்ப்பார்.

அந்த வீட்டில் வாசிப்பு ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். வயதில் பெரியவரில் தொடங்கி, நடையில் உட்கார்ந்திருக்கும் கடைக்குட்டி வரைக்கும் போய், மறுபடி மேலே வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை ஒரு வசனத்துக்கு இரண்டு நிமிஷம் எடுத்தாலும் எல்லாரும் காத்திருப்பார்கள். குறுக்கே புகுந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஆங்கிலப் பள்ளிகளில் படித்த பேரப்பிள்ளைகள் இன்றைக்குத் தமிழ் வாசிக்கிறார்கள் என்றால் அது இந்தப் பாயில் கற்றது. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று படித்தால் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று ஓய்வுநாள் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருவார்கள். ஆச்சி வீட்டில் நாளைக்கு ஒரே அதிகாரம். ஒரு சுற்று முடிய மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். ஆதியாகமம் ஆரம்பித்தபோது பால்குடி மறக்காத பிள்ளை, வெளிப்படுத்தின விசேஷம் வரும்போது சண்டை போட்டுத் தன் முறையைக் கேட்கும்.

வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் நடுவில் ஆச்சி ஒரு கதை சொல்வார். இந்தப் பத்தி அந்தக் கதைகளைப் பற்றியது.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்குச் சாட்சி சொல்வது புதிதல்ல. ஸ்தோத்திரப் பண்டிகையிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் எழுந்து நின்று சொல்வார்கள். கட்டி கரைந்தது, பிள்ளை மருத்துவப் படிப்பில் இடம் வாங்கியது, விசா வந்தது, வழக்கு முடிந்தது. கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நன்றி சொல்வது நல்ல வழக்கம். அது இருக்க வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை இருபது வருஷம் இந்தச் சாட்சிகளை மட்டுமே கேட்டு வளர்ந்தால், கட்டி கரையாதவர்கள் எங்கே போனார்கள் என்று அதற்குத் தெரியாமலே போய்விடும். அவர்களும் அதே கோயிலில், பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் எழுந்து பேசச் சொல்வதில்லை.

ஆச்சியின் கதைகளில் பாதி ஊர் அறிந்தவை. பாளையங்கோட்டை குளோரிந்தாவின் கதையை அவர் வருஷம் ஒருமுறையாவது சொல்வார். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை அவர். உடன்கட்டை ஏறுவதிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி அவரைக் காப்பாற்றினார். அவரிடமிருந்தே வேதத்தையும் கற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் கேட்டு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் போனபோது, கல்யாணம் செய்யாமல் அந்த அதிகாரியோடு வாழ்வதாகச் சொல்லி ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகுதான், 1778-இல், அதே சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்துப் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன. 1785-இல் அவர் கட்டிய சிறிய கோயிலை ஊர் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறது. இவ்வளவு பெரிய திருச்சபைக்கு விதை போட்ட பெண்ணைத் திருச்சபையே முதலில் வாசலில் நிறுத்தி வைத்தது. ஆச்சி அந்த இடத்தில் சற்று நிறுத்துவார். "அந்த மனுஷி எத்தன ராத்திரி அழுதிருப்பா" என்பார். ஐயரைக் குறை சொல்ல மாட்டார்; அந்த ராத்திரிகளை விட்டுவிட்டுக் கதை சொல்லவும் மாட்டார்.

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியாவின் கதையும் உண்டு. பின்னாளில் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கத் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் என்று பெயரெடுத்தவர். பல வருஷம் காத்திருந்து, அன்னாளைப் போல வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் தாயார் அவருக்குச் சாமுவேல் என்று பெயரிட்டார். இது நினைத்தது கிடைத்த கதை. வாரத்துக்கு இப்படி ஒன்று வேண்டும் என்பது ஆச்சியின் கணக்கு.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதைக்கு வரும்போதுதான் ஆச்சி ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களிடமிருந்து விலகுகிறார். அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது ஏமி நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத் தூங்கினார், காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண்தான் என்ற கதை தென் தமிழ்நாட்டில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பிறகு அவர் இந்தியாவுக்கு வந்து, சேலை கட்டி, ஆபத்தில் இருந்த பெண் குழந்தைகளைத் தேடிப் போனபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவருக்கு உதவியது. கேட்டது கிடைக்காததற்கு ஒரு காரணம் இருந்தது என்று பாடம் அழகாக முடிந்துவிடும்.

ஆச்சி அங்கே முடிப்பதில்லை. 1931-இல் ஏமி ஒரு குழியில் தவறி விழுந்தார். காலும் முதுகும் கெட்டுப்போயின. குணமாக வேண்டும் என்று டோனாவூரே ஜெபித்தது. குணமாகவில்லை. 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். அங்கிருந்துகொண்டே புத்தகங்கள் எழுதினார், வந்த பிள்ளைகளோடு பேசினார். தன் கல்லறைக்கு மேல் பெயர்க்கல் வைக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். நீலக் கண்ணுக்குச் சொன்ன மாதிரி இந்த 20 வருஷத்துக்கும் ஒரு காரணம் சொல்லச் சொல்லிப் பேரப்பிள்ளைகள் கேட்டதுண்டு. ஆச்சி சொன்னதில்லை.

விளக்கம் சொல்லாமல் விடுவதில் அவர் இவ்வளவு உறுதியாக இருப்பதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. அது வெகுகாலம் யாருக்கும் தெரியாது.

குடும்ப வேதாகமம் ஒன்று அங்கே இருக்கிறது. இரண்டு தடவை பைண்டு செய்யப்பட்டு, ஓரங்கள் பழுப்பேறி, முதுகில் தங்க எழுத்து பாதி உதிர்ந்துபோன பெரிய புத்தகம். அதன் முன்பக்க வெள்ளைத் தாளில் தாத்தாவின் கையெழுத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் என்று குடும்பமே வரிசையாக இருக்கிறது. நீல மை, கறுப்பு மை, கடைசியில் பால்பாயிண்ட் பேனா. நான்காவது வரியில் ஒரு பெண் பிள்ளையின் பெயர். பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி. அதற்கு அடுத்து, மற்ற வரிகளைவிடச் சின்ன எழுத்தில், கர்த்தருக்குள் நித்திரை, 1967. அந்த வரியைப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. வீடுகளில் சில விஷயங்கள் அப்படித்தான் அடைபட்டுவிடுகின்றன.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஊரில் இருந்தார்கள். காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தவர்கள் டிவியின் முன்னால் உட்கார்ந்ததுதான், மாலை வரை எழவில்லை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல், மணக்குடி. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போன குடும்பங்களைச் சுனாமி அலை கடற்கரையிலேயே வாரிக்கொண்டு போயிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் என்ற கணக்கு பிறகு வந்தது. அன்று இரவு எண்ணிக்கை மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்தது.

ஏழரை ஆனது. பாய் விரித்தார்கள். பாட்டு ஒருவருக்கும் வாயில் வரவில்லை. வாசித்து முடித்ததும் பன்னிரண்டு வயதுப் பேரன் கேட்டான்: "ஆச்சி, கோயிலுக்குப் போனவங்களையும் ஏன் கொண்டுபோனாரு? அவங்க ஜெபம் பண்ணலையா?"

அவன் அப்பா அதட்டினார். மற்றவர்கள் ஆளுக்கொரு பதில் தேடினார்கள். ஆச்சி வேதாகமத்தை மடியில் வாங்கி, முன்பக்கத்தைத் திறந்து, நான்காவது வரியில் விரலை வைத்தார்.

"எய்யா, இதையேதான் நானும் கேட்டேன். இந்தப் பிள்ளைக்காகக் கேட்டேன். இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மூன்று வயதுப் பிள்ளை. மூளைக்காய்ச்சல். மாட்டுவண்டியில் கொண்டுபோய், அங்கிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஒரு பகல் முழுதும் போய்விட்டது. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு ஜெபித்தார் ஆச்சி. உபதேசியார் வந்து ஜெபித்தார், ஐயர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் பிள்ளை போய்விட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள், தேவசித்தம் என்றார்கள். கர்த்தர் தம் தோட்டத்துக்கு ஒரு பூ பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். அந்த வார்த்தையை அன்று இரவு முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு சொல்லும்போதும் ஆச்சியின் முகம் இறுகியது.

அதன்பின் பல மாதம் குடும்ப ஜெபத்தில் அவர் வாய் திறக்கவில்லை. பாயில் வந்து உட்காருவார், அவ்வளவுதான். தாத்தா வற்புறுத்தவில்லை, புத்திமதி சொல்லவில்லை. வசனம் சுற்றி வந்து ஆச்சியின் முறை வரும்போது, அந்த வசனத்தையும் அவரே வாசித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். தினமும் அப்படியே. ஒரு நாள் 1 நாளாகமம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதல் ஒன்பது அதிகாரமும் வெறும் பெயர்ப் பட்டியல். அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான் என்று வாயில் நுழையாத பெயர்கள். தாத்தா தன் வசனத்திலும் தடுக்கி, ஆச்சியின் வசனத்திலும் தடுக்கி, ஒரே பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பொறுக்காமல் ஆச்சி புத்தகத்தை வாங்கிச் சரியாக வாசித்துக் காட்டினார். மறுநாளும் வாசித்தார்.

"அவ்வளவுதான் நடந்துச்சு" என்று அன்று முடித்தார். "சத்தம் ஒண்ணும் கேக்கல, தரிசனம் ஒண்ணும் வரல. ஒங்க தாத்தா தப்பா வாசிச்சாரு."

சுனாமி இரவில் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களில், தங்களுக்கு ஒரு அக்கா இருந்து போனாள் என்பதை ஆச்சியின் பிள்ளைகளே அன்றுதான் முழுதாகக் கேட்டார்கள். மறுநாள் காலையில் ஆச்சி வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி போனது. அது வேறு கதையில்லை, இதே கதைதான். உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது தென் மாவட்டக் கிறிஸ்தவப் பெண்களின் பழைய வழக்கம். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள்.  ஆச்சி அந்த மாதத்துப் பானையை அப்படியே கவிழ்த்து, கடையில் வாங்கியதையும் சேர்த்து, கடற்கரை ஊர்களுக்குப் போன சேகரத்து வண்டியில் ஏற்றினார். ஏன் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை சோறு காத்திருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த இரவு குடும்பத்தில் எதை மாற்றியது என்பது உடனே தெரியவில்லை. கேள்வி கேட்ட பேரன் வளர்ந்து, பெங்களூரில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனது. அவன் மனைவிக்கு முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், நல்ல வார்த்தைகள் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு இரவு பதினோரு மணிக்கு அந்தப் பெண் போன் போட்டது ஆச்சிக்கு. தன் அம்மாவுக்குக்கூட இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், அந்த நான்காவது வரியின் கதையை ஆச்சி அவளுக்கும் சொல்லியிருந்தார். ஆச்சி அன்று ஜெபம் செய்யவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்; பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாள் என்று விசாரித்தார். அடுத்த தடவை அவர்கள் ஊருக்கு வந்தபோது அந்தப் பெயரும் வேதாகமத்தின் முன்பக்கத்தில் ஏறியது.

விசுவாசம் வீட்டில் கைமாறுவது எப்படி என்று சபைகளில் நிறையப் பேசுகிறார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். அன்னையர் தினத்துப் பிரசங்கங்களில் இந்த வசனம் தவறாமல் வரும். லோவிசாள் பேரனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாள் என்பதை வேதம் விவரிக்கவில்லை. ஆனால் அவள் கையில் இருந்திருக்கக்கூடிய வேதம் எது என்பது தெரியும். அதில் யோபு இருக்கிறது. புலம்பல் இருக்கிறது. கடைசி வரியிலும் இருட்டிலேயே நின்று முடிகிற 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அழுகையை ஆராதனைக்குள் இவ்வளவு தாராளமாக விட்ட ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, வென்றவர்களுக்கு மட்டும் மைக்கைக் கொடுப்பது சரியல்ல. பாட்டிமார்கள் இதைச் சரிசெய்ய முடியும். அவர்களிடம் இருக்கும் கதைகள் வேறு யாரிடமும் இல்லை. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். கேட்பதற்கு அரை மணி நேரமும், போனைக் கீழே வைக்கிற மனசும் வேண்டும்.

கீழே வைக்க வேண்டிய அந்தப் போனை ஆச்சியே 2020-இல் கையில் எடுத்தார். அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளியும் 12 ஈஸ்டரும் கோயில் பூட்டியபடியே கடந்தன. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையைத் தவறவிடாத ஆச்சி, பெரிய வெள்ளி அன்று மருமகளிடம் போனில் வீடியோ அழைப்புப் போடக் கற்றுக்கொண்டார். சென்னை மகள், பெங்களூர்ப் பேரன், துபாயில் சின்ன மகன் எல்லாரும் ஒரே திரையில் வந்தார்கள். துபாய்க்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் இங்கே ஏழரை என்றால் அங்கே ஆறு. சின்ன மகன் வேலையிலிருந்து வரும் நேரம். காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தன் வசனத்தை வாசித்த நாட்களும் உண்டு. பாட்டு மட்டும் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் அரை அடி பிந்தி வரும் குரல்களைச் சேர்க்க முடியாமல், ஒருநாளைக்கு ஒரு வீடு பாட, மற்றவர்கள் கேட்பது என்று ஏற்பாடு செய்தார்கள். கோயில் திறந்த பிறகும் அந்த அழைப்பு நிற்கவில்லை. வாரத்தில் ஐந்து நாளாவது எல்லாரும் வந்துவிடுகிறார்கள்.

இந்த வாரம் ரூத் சரித்திரம். நான்கே அதிகாரம், 85 வசனம். ஆச்சிக்கு மிகவும் பிடித்த புத்தகம். அதில் அவர் பார்ப்பது ரூத்தை அல்ல, நகோமியை. மோவாப் தேசத்தில் கணவனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டு வாற்கோதுமை அறுப்புக் காலத்தில் பெத்லகேமுக்குத் திரும்பி, கடவுள் எனக்குக் கசப்பைக் கொடுத்தார் என்று ஊர்ப் பெண்கள் முன்னால் வெளிப்படையாகச் சொன்ன கிழவி. அப்படிச் சொன்னதற்காக அவளை யாரும் கண்டிக்கவில்லை. கடைசி அதிகாரத்தில் ரூத்தின் பிள்ளையை மடியில் வைத்து வளர்க்கிறாள். பழைய மூன்று கல்லறைகளும் மோவாபிலேயேதான் இருக்கின்றன. இரண்டையும் ஆச்சி சேர்த்தே சொல்வார்.

முதல் அதிகாரம் வாசித்த அன்று துபாய்ப் பேத்திக்கு வேறு சந்தேகம். எட்டு வயது, தமிழை விரல் வைத்து வாசிக்கிறாள்.

"ஆச்சி, ஒர்பாள் என்ன ஆனா?"

"அத வேதத்துல எழுதலம்மா."

"மாமியார விட்டுட்டுப் போயிட்டாளே. அவ கெட்டவளா?"

"யாரு சொன்னா? அவளுந்தான் அழுதா. முத்தம் குடுத்துட்டுத்தான் போனா. பெத்த அம்மாகிட்ட போனா. அதுல என்ன தப்பு?"

சென்னை மகள் திரையிலிருந்து இதற்கு மறுப்புச் சொன்னார். பேரன் ஆச்சி பக்கம் பேசினான். ஒர்பாளைப் பற்றியே இருபது நிமிஷம் போனது. அன்றைக்கு ஜெபம் எட்டு மணிக்கு மேல்தான் முடிந்தது. அடுத்த வாரம் 1 சாமுவேல். முதல் அதிகாரத்தில் அன்னாள் வருகிறாள், 28 வசனம். அன்னாள் பேசுகிற வசனமெல்லாம் தனக்கே வேண்டும் என்று பேத்தி இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள். சுற்றில் எது வருகிறதோ அதுதான் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். பேத்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.